இன்று ரொக்கம், நாளை வெற்றி

1919ஆம் ஆண்டு வேர்ல்ட் சீரிஸில் சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு தோற்றுக்கொடுத்ததாகச் சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் எட்டு ஆட்டக்காரர்கள் மீது குற்றச்சாட்டு எழுந்தது. வழக்கு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1921இல் விடுதலை. தீர்ப்பு வந்த மறுநாளே பேஸ்பால் கமிஷனர் லாண்டிஸ், நீதிமன்றம் என்ன சொன்னால் எனக்கென்ன என்கிற தொனியில், எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை விதித்தார். செத்த பிறகும் தடை நீங்கவில்லை. 2025 மே மாதம்தான் இறந்தவர்களின் பெயர்களைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தார்கள். வேண்டுமென்றே தோற்பது இந்த விளையாட்டில் அவ்வளவு பெரிய பாவம்.

அதே ஒயிட் சாக்ஸ் 2024இல் 162 ஆட்டங்களில் 121 தோற்றது. ஜெயித்தது 41. இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதிலிருந்து எந்த மேஜர் லீக் அணியும் ஒரே சீசனில் இத்தனை முறை தோற்றதில்லை. ஜூலையிலிருந்து ஆகஸ்ட் வரை தொடர்ந்து 21 ஆட்டங்களில் தோல்வி. இந்த முறை யாருக்கும் தடை இல்லை. ஏனென்றால் இதற்கு ஒரு கௌரவமான பெயர் வைத்திருக்கிறார்கள்: ரீபில்ட். மறுகட்டுமானம்.

மைதானத்தில் இறங்கிய பையன்கள் வேண்டுமென்றே தோற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பாவம், தினமும் ஜெயிக்கத்தான் பார்த்தார்கள். ஆனால் ஜெயிக்க முடியாத ஒரு அணியைச் சேர்த்து, அவர்களை உள்ளே அனுப்பி, மாடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர்கள் கையில் வைத்திருக்கும் அந்தச் சொல்லைப் பற்றியும்.

நம் ஊர் மளிகைக் கடைகளில் ஒரு பலகை தொங்கும். 'இன்று ரொக்கம், நாளை கடன்.' நாளைக்குப் போனாலும் பலகையில் அதே நாளைதான் இருக்கும். ரீபில்ட் என்பது அந்தப் பலகையேதான். ரசிகன் இன்று ரொக்கம் கட்ட வேண்டும்: டிக்கெட், பார்க்கிங், பீர், கேபிள் சந்தா, ஆறு மாதச் சாயங்காலங்கள். வெற்றி மட்டும் நாளைக்கு.

தோற்றால் என்ன லாபம்?

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு இந்த வியாபாரத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மேஜர் லீகில் 30 அணிகள். ஐரோப்பியக் கால்பந்தில் கடைசியாக வருகிறவனைக் கீழ் லீகுக்குத் தள்ளுவார்கள். இங்கே, நம்முடைய ஐபிஎல் மாதிரி, அந்த பயமே கிடையாது. 121 தோற்றாலும் அடுத்த மார்ச்சில் அதே நாற்காலி காத்திருக்கும். தேசியத் தொலைக்காட்சிப் பணம் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. ஆக, தோற்பதற்கு அபராதம் குறைவு.

பரிசு உண்டா என்றால், உண்டு. ஒவ்வொரு ஆண்டும் பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், மோசமாகத் தோற்றவர்களுக்கு முன்வரிசை கிடைக்கும். அதோடு, ஒரு இளம் ஆட்டக்காரர் மேஜர் லீகுக்கு வந்த பிறகு முழுதாக ஆறு ஆண்டுகள் அந்த அணியின் பிடியில்தான் இருப்பார். அதில் முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தையொட்டித்தான் கொடுப்பார்கள். 2024இல் அது 7.4 லட்சம் டாலர். நமக்கு மலைப்பாக இருக்கும். ஆனால் அதே தரத்தில் ஆடும் ஒரு சீனியரைச் சந்தையில் எடுக்க ஆண்டுக்கு இரண்டு மூன்று கோடி டாலர் ஆகும்.

எனவே திட்டம் இப்படி ஓடுகிறது. விலையுயர்ந்த நல்ல ஆட்டக்காரர்களை விற்றுவிடு. பதிலுக்கு மைனர் லீக் பையன்களை வாங்கு. சில ஆண்டுகள் தோற்று டிராஃப்டில் இன்னும் பையன்களைச் சேர். எல்லாரும் ஒரே நேரத்தில் பழுத்து வரும்போது, மலிவாக ஒரு மாபெரும் அணி கிடைக்கும். மிச்சமான பணத்தில் குறையுள்ள இடங்களை நிரப்பு. கோப்பையைத் தூக்கு.

காகிதத்தில் குறையே இல்லை. இரண்டு இடங்களில் நடந்தும் காட்டிவிட்டார்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011, 2012, 2013 என்று மூன்று சீசன் வரிசையாக நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்று, 2017இல் வேர்ல்ட் சீரிஸை வென்றது. அந்த வெற்றி ஆண்டில் எதிரணியின் சைகைகளைக் கேமரா வைத்துத் திருடியது பிறகு அம்பலமானது தனிக் கதை. சிகாகோவின் வடக்குப் பக்க அணியான கப்ஸ் 2012இல் 101 ஆட்டங்கள் தோற்று, 2016இல் கோப்பையை எடுத்தது. 1908க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் கோப்பை. ஊரே தெருவில் இறங்கிக் கொண்டாடியது. நகரின் தெற்குப் பக்கத்தில், ஒயிட் சாக்ஸ் இருக்கும் பக்கத்தில், அந்த வாணவேடிக்கைச் சத்தம் கேட்டது.

அடுத்த மாதமே, 2016 டிசம்பரில், ஒயிட் சாக்ஸ் தன் ரீபில்டைத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் மாடி எழும்பியதைப் பார்த்ததும் தன் வீட்டை இடித்த கதை. இடிப்பது எல்லாருக்கும் வரும். கட்டுவதற்குக் கொத்தனாரும் வேண்டும், சிமெண்டும் வேண்டும்.

இடித்தார்கள்

முதலில் போனவர் கிறிஸ் சேல். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த இடக்கைப் பிட்ச்சர்களில் ஒருவர். பாஸ்டனுக்கு அனுப்பி, யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் உட்பட நான்கு இளைஞர்களை வாங்கினார்கள். மறுநாள் ஆடம் ஈடன் வாஷிங்டனுக்குப் போனார். பதிலாக லூகாஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ், டேன் டன்னிங் வந்தார்கள். 2017 ஜூலையில் ஹோசே கின்டானாவை, வேறு யாரிடமும் இல்லை, அதே கப்ஸிடம் கொடுத்து எலோய் ஹிமெனெஸையும் டிலன் சீஸையும் எடுத்தார்கள். கியூபாவிலிருந்து லூயிஸ் ராபர்ட்டை 2.6 கோடி டாலர் போனஸ் கொடுத்துச் சேர்த்தார்கள்.

விற்கும் வேலையைச் சாமர்த்தியமாகத்தான் செய்தார்கள். ஜெனரல் மேனேஜர் ரிக் ஹானை அப்போது எல்லாரும் பாராட்டினார்கள், பாராட்டியதில் தப்பும் இல்லை. வந்த பையன்களிடம் சரக்கு இருந்தது. 2017இல் 95 தோல்வி, 2018இல் 100, 2019இல் 89. பொறுங்கள் என்றார்கள், ரசிகர்கள் பொறுத்தார்கள். 2020இல் கோவிட் காரணமாக 60 ஆட்டங்களாகச் சுருங்கிய சீசனில் 35 வெற்றியோடு பிளேஆஃபுக்குப் போனார்கள். 2021இல் 93 வெற்றி, பிரிவில் முதலிடம். கட்டடம் எழும்பிவிட்டது என்று தோன்றிய தருணம் அது.

அந்த நேரத்தில் அணிக்குத் தேவைப்பட்டது இரண்டு. ஒன்று, மிச்சமான பணத்தை எடுத்து வெளியே போட்டு ஓட்டைகளை அடைப்பது. இரண்டு, இந்தப் பையன்களை வழிநடத்தத் தெரிந்த ஒருவர்.

முதல் விஷயம். 2018-19 குளிர்காலத்தில் சந்தையில் மேனி மச்சாடோ இருந்தார். வயது 26. ஒயிட் சாக்ஸ் அவரைப் பிடிக்க என்ன செய்தது தெரியுமா? அவருடைய மச்சான் யோண்டர் அலோன்ஸோவை வாங்கியது. நண்பர் ஜான் ஜேயையும் ஒப்பந்தம் செய்தது. சொந்தபந்தம் எல்லாம் இங்கே இருந்தால் மனிதர் வந்துவிடுவார் என்ற கணக்கு. பெண் கேட்டுப் போகிற வீட்டில் மாமனுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, சீர் விஷயத்தில் கையை இறுக்கிக்கொண்டது போல. எட்டு ஆண்டுகளுக்கு 25 கோடி டாலர் என்றார்கள். சான் டியேகோ பத்து ஆண்டுகளுக்கு 30 கோடி என்றது. மச்சாடோ சான் டியேகோ போனார். மச்சான் மட்டும் சிகாகோவில் நின்றார்.

சான் டியேகோ சிகாகோவைவிடச் சின்னச் சந்தை. பணம் இல்லாதவன் தோற்ற கதையாக இருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரத்து அணி இது. இந்த அணி தன் வரலாற்றில் இன்றுவரை ஒரு ஆட்டக்காரருக்கும் 10 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்ததில்லை. அதிகபட்சம் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்குக் கொடுத்த 7.5 கோடி.

இரண்டாவது விஷயம் இன்னும் சுவாரசியம். 2020இல் பிளேஆஃப் வரை கூட்டிப்போன மேனேஜர் ரிக் ரென்டேரியாவை அனுப்பிவிட்டு, 76 வயது டோனி லாரூஸாவைக் கொண்டுவந்தார்கள். பெரிய மனிதர், ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர். ஆனால் 2011க்குப் பிறகு எந்த அணியையும் நடத்தாதவர். அப்படியானால் ஏன்? உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் 1986இல் இதே லாரூஸாவை இதே அணியிலிருந்து நீக்க விட்டவர், அதற்காகப் பின்னாளில் வருந்திப் பேசியவர். 34 வருடத்துப் பழைய உறுத்தலை ஆற்றிக்கொள்ள, நாலு வருடம் பொறுத்த ரசிகர்களின் அணியை எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வயதானவர்களால் முடியாது என்று சொல்லவில்லை. தேர்வு என்ற ஒன்று நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2022இல் 81 வெற்றி, 81 தோல்வி. 2023இல் 101 தோல்வி. ஹானும் கென் வில்லியம்ஸும் ஆகஸ்டில் வேலையிழந்தார்கள். புதிய ஜெனரல் மேனேஜரை வெளியே தேடினார்களா? இல்லை. சில நாட்களுக்குள், உள்ளேயே இருந்த கிறிஸ் கெட்ஸை உட்கார வைத்தார்கள். அடுத்த ஆண்டுதான் அந்த 121.

"எல்லாம் காயம் சார்" என்பார்கள். காயம் உண்மைதான். ராபர்ட், ஹிமெனெஸ், மொன்காடா மூவரும் களத்தில் இருந்ததைவிடச் சிகிச்சையில் இருந்த நாட்கள்தான் நினைவில் நிற்கின்றன. ஆனால் 162 ஆட்டங்கள், மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிய ஏறக்குறைய தினமும் ஆடும் விளையாட்டில் காயம் என்பது வானிலை மாதிரி. மழை வரும் என்று தெரிந்தும் கூரை போடாதவன் மழையைத் திட்டக் கூடாது. ஆழமான பெஞ்ச், மாற்று ஆட்டக்காரர்கள், இதற்கெல்லாம்தான் மிச்சம் பிடித்த பணம். அது எங்கே போனது?

தோல்வி எதை வாங்கியது?

தோற்றால் டிராஃப்டில் நல்ல இடம், நல்ல இடத்தில் நல்ல ஆட்டக்காரர் என்பதுதானே அடிப்படை வாதம்? இதே அணியின் கணக்கை எடுத்துப் பார்ப்போம்.

2017இன் 95 தோல்விகளுக்கு 2018 டிராஃப்டில் நான்காவது இடம் கிடைத்தது. நிக் மாட்ரிகல். மூன்றே ஆண்டில் கப்ஸுக்கு விற்றார்கள். 2018இன் 100 தோல்விகளுக்கு மூன்றாவது இடம். ஆண்ட்ரூ வான். 2025இல் அவரை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டார்கள், அவர் அங்கே போனதும் வெளுத்து வாங்கினார். இருவரும் மோசமானவர்கள் இல்லை. ஆனால் 195 தோல்விகளுக்குக் கிடைத்த கூலி இவ்வளவுதான்.

சரி, இந்த அணிக்கு டிராஃப்டில் கிடைத்த நிஜமான ரத்தினங்கள் யார்? கிறிஸ் சேல், 2010இல் 13ஆவது தேர்வு. டிம் ஆண்டர்சன், 2013இல் 17ஆவது. கேரட் குரோஷே, 2020இல் 11ஆவது. இப்போது எல்லாரும் நம்பிக்கையோடு பார்க்கும் கோல்சன் மான்ட்கமரி, 2021இல் 22ஆவது. அதாவது அணி நன்றாக ஆடிய ஆண்டுக்குப் பிறகு கிடைத்த, வரிசையில் பின்தள்ளிய இடம். 2005 கோப்பையின் தூண்களில் ஒருவரான மார்க் பர்லியை 1998இல் எடுத்தது 38ஆவது சுற்றில். 38ஆவது இடம் இல்லை, சுற்று. நல்ல ஆட்டக்காரரைக் கண்டுபிடிப்பதற்குத் தோற்க வேண்டியதில்லை. கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். தேடுகிறவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஆகும் செலவு ஒரு நட்சத்திர ஆட்டக்காரரின் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

உச்சக்கட்டக் கூத்து 121 தோல்விகளுக்குக் கிடைத்த பரிசு. வேண்டுமென்று தோற்பதைத் தடுக்க 2022 ஒப்பந்தத்தில் டிராஃப்ட் லாட்டரி கொண்டுவந்தார்கள். அதில் ஒரு விதி: வருமானப் பகிர்வில் உதவி பெறாத பெரிய சந்தை அணிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் லாட்டரிக்குள் வர முடியாது. ஒயிட் சாக்ஸ் பெரிய சந்தை அணி. ஆகவே நவீன காலத்தின் மிக மோசமான சீசனை ஆடிவிட்டு, 2025 டிராஃப்டில் அவர்களுக்குக் கிடைத்தது பத்தாவது இடம். தோற்பதுதான் திட்டம் என்றால், தோற்பதற்கான விதியையாவது படித்திருக்கலாம். பணம் கொடுக்கும்போது ஏழை அணி, வரிசையில் நிற்கும்போது பணக்கார அணி. லீகுக்கே தெரிந்திருக்கிறது இவர்கள் யார் என்று.

இதற்கிடையில் விற்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்? சேல் 2018இல் பாஸ்டனுக்காக வேர்ல்ட் சீரிஸின் கடைசி விக்கெட்டை, அதாவது கடைசி அவுட்டை, எடுத்தார். ஸ்ட்ரைக்கவுட் ஆனவர் மேனி மச்சாடோ. இந்த அணியின் துரதிர்ஷ்டத்தை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் எடிட்டர் வெட்டியிருப்பார். ஈடன் 2019இல் வாஷிங்டனோடு கோப்பை வென்றார். கோபெக்கை 2024 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பினார்கள், மூன்று மாதத்தில் அவர் கையில் சாம்பியன் மோதிரம். அதே 2024இல், எங்கள் அணி 121 தோற்ற அதே ஆண்டில், 35 வயது கிறிஸ் சேல் அட்லாண்டாவுக்காக ஆடி நேஷனல் லீகின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதை வாங்கினார். எட்டு ஆண்டுகளுக்கு முன் 'எதிர்காலத்துக்காக' விற்கப்பட்ட மனிதர், அந்த எதிர்காலம் வந்து இடிந்து விழுந்த பிறகும் நன்றாகத்தான் இருந்தார்.

முதல் ரீபில்டில் வந்த பையன்களை விற்றுத்தான் இரண்டாவது ரீபில்ட் தொடங்கியது. 2023இல் ஜியோலிட்டோவும் லோபஸும், 2024 மார்ச்சில் சீஸ், ஜூலையில் ஹிமெனெஸ். டிசம்பரில் குரோஷே. போன இடம் பாஸ்டன். சேலை வாங்கிய அதே பாஸ்டன். வட்டிக்கு வட்டி கட்டுகிறவன் கதை இது. அசல் எங்கே என்று கேட்கும் நேரத்தில் புதுப் பத்திரம் எழுதுகிறார்கள்.

பக்கத்து ஊர்க்காரர்கள்

"சின்ன அணிகளுக்கு வேறு வழியில்லை, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸோடும் நியூயார்க்கோடும் எப்படிப் போட்டி போடுவது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பேஸ்பாலில் சம்பளத்துக்குக் கட்டாய உச்சவரம்பு இல்லை, பணக்கார அணிகளின் ஆதிக்கம் நிஜம். ஆனால் பதிலைத் தேடி நியூயார்க் வரை போக வேண்டாம். ஒயிட் சாக்ஸ் இருக்கும் அதே பிரிவில் இரண்டு சின்ன ஊர்கள் இருக்கின்றன.

கிளீவ்லாண்ட். பணம் செலவழிப்பதில் அவர்களும் கஞ்சர்கள்தான், ரசிகர்கள் திட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் 2013 முதல் 2024 வரை பன்னிரண்டு சீசன்களில் அவர்கள் பாதிக்கும் கீழே முடித்தது இரண்டே முறை. யாரையாவது விற்பார்கள், அதே நேரத்தில் யாரையாவது வளர்த்து மேலே கொண்டுவருவார்கள். பிட்ச்சர்களைச் செய்து எடுக்கும் பட்டறை அங்கே இருக்கிறது. வீட்டை இடிக்காமலே ஓடு மாற்றத் தெரிந்தவர்கள்.

கான்சஸ் சிட்டி. 2023இல் 106 தோல்வி. அடுத்த பிப்ரவரியில் தங்கள் இளம் ஷார்ட்ஸ்டாப் பாபி விட் ஜூனியரோடு 11 ஆண்டுகளுக்கு 28 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டார்கள். சேத் லூகோ, மைக்கேல் வாகா என்று இரண்டு நல்ல பிட்ச்சர்களைச் சந்தையில் எடுத்தார்கள். 2024இல் 86 வெற்றி, பிளேஆஃப். அந்த ஊரின் மக்கள்தொகையை எடுத்துச் சிகாகோவில் போட்டால் ஒரு ஓரத்தில் அடங்கிவிடும். அவர்களிடம் 28 கோடி இருந்தது, ரைன்ஸ்டார்ஃபிடம் 10 கோடி இல்லை என்று நம்ப வேண்டுமாம். அட போங்கப்பா.

அவருக்கு மட்டும் அவசரம்

1981இல் ரைன்ஸ்டார்ஃப் தலைமையிலான குழு இந்த அணியை ஏறக்குறைய 2 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று ஃபோர்ப்ஸ் இதழின் மதிப்பீடு 200 கோடி அளவில் இருக்கிறது. 121 தோற்றும் நூறு மடங்கு. ஒரு அணி தோற்கத் தோற்க அதன் உரிமையாளரின் சொத்து வளர்கிறதென்றால், அங்கே தோல்வி யாருக்கு வலிக்கும்?

ரசிகர்களிடம் பொறுமை கேட்கும் இதே மனிதர் தான் பொறுமையாக இருந்தாரா? 1988இல், புது மைதானம் கட்டித் தராவிட்டால் அணியை ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று இல்லினாய் மாநிலத்தின் கழுத்தில் கத்தி வைத்தார். சட்டமன்றத்தின் கெடு நள்ளிரவு. நள்ளிரவு தாண்டும் நேரத்தில் சட்டமன்றக் கடிகாரத்தை நிறுத்திவைத்து மசோதாவை நிறைவேற்றினார்கள். 1991இல் பொதுப்பணத்தில் மைதானம் எழுந்தது. அவருக்காகக் கடிகாரமே நின்றது. ரசிகனின் கடிகாரத்தை யார் நிறுத்துவது?

2024இல், அதாவது அந்த 121 ஆண்டில், மறுபடியும் கேட்டார். நகர மையத்துக்குப் பக்கத்தில் 'தி 78' என்று அழைக்கப்படும் காலி நிலத்தில் புது மைதானம் வேண்டும், பொதுப்பணம் நூறு கோடி டாலர் அளவுக்கு வேண்டும். அதே நிலத்தில் 2025இல் என்ன அறிவிப்பு வந்தது தெரியுமா? சிகாகோ ஃபயர் கால்பந்து அணியின் உரிமையாளர் ஜோ மன்சுவேட்டோ, 65 கோடி டாலரில் ஒரு மைதானத்தைத் தனியார் பணத்திலேயே கட்டுவதாகச் சொன்னார். ஒரே நிலம், இரண்டு உரிமையாளர்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அணி இப்போதைக்குக் கைமாறாது. ஜஸ்டின் இஷ்பியாவோடு போட்ட ஒப்பந்தப்படி கட்டுப்பாட்டை விற்கும் வாய்ப்பே 2029இல்தான் தொடங்குகிறது. ரைன்ஸ்டார்ஃப் 1936இல் பிறந்தவர். மறுபடியும் அதே பலகை: நாளை.

ஒரு சீசன் எதற்கு?

இனி, எனக்கு முக்கியமான விஷயம். ரீபில்டை ஆதரிப்பவர்கள் ஒரு சீசனை இன்னொரு சீசனுக்கான மூலப்பொருளாகப் பார்க்கிறார்கள். 2018 என்பது 2021க்கான உரம். 2024 என்பது 2028க்கான உரம். கணக்குப்பிள்ளைக்கு அது சரி. ஆனால் ரசிகன் சீசனில் முதலீடு செய்வதில்லை, அதில் வாழ்கிறான்.

2016 டிசம்பரில் எட்டு வயதாக இருந்த ஒரு தெற்குச் சிகாகோ பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 சீசன் முடியும்போது அதற்கு 17. ஒன்பது கோடைகள். அதில் பாதிக்கு மேல் ஜெயித்த சீசன்கள் இரண்டு, அதிலும் ஒன்று கோவிட் கோடை, மைதானத்தில் ரசிகர்களையே விடவில்லை. பேஸ்பால் மீது பைத்தியம் பிடிக்க வேண்டிய வயது முழுவதும் 'பொறு' என்ற ஒரே சொல்லில் போய்விட்டது. 2028இல் கோப்பை வந்தாலும் அந்தப் பிள்ளைக்கு எட்டு வயது திரும்பி வராது. இந்தச் செலவு எந்த ஆண்டறிக்கையிலும் இல்லை.

மோசமான அணியை நேசிக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. 1962இல் 120 தோற்ற நியூயார்க் மெட்ஸை அந்த ஊர் கொஞ்சியது. அப்போதுதான் பிறந்த அணி அது, தவழும் குழந்தை விழுந்தால் சிரிப்போம். 1901இலிருந்து அமெரிக்கன் லீகில் இருக்கும் அணி தவழ்ந்தால் சிரிப்பு வருமா? தோல்வியை ரசிகன் தாங்குவான். ஒயிட் சாக்ஸ் ரசிகர்கள் 1917க்கும் 2005க்கும் நடுவில் 88 ஆண்டுகள் கோப்பையின்றித் தாங்கியவர்கள். தாங்க முடியாதது, ஜெயிக்க முயலவே இல்லை என்ற அறிவு.

அந்த 2024 செப்டம்பர் கடைசி வாரத்தைப் பாருங்கள். 120 தோல்விகளோடு சொந்த மைதானத்துக்கு வந்தது அணி. இன்னும் ஒன்று தோற்றால் சாதனை. "அணியை வித்துடு" என்று கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. அந்தப் பையன்கள் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸை மூன்று ஆட்டங்களிலும் வரிசையாக அடித்துத் துவைத்தார்கள். ஊர் முன்னால் அந்த அவமானம் வேண்டாம் என்று. 121ஆவது தோல்வி டெட்ராய்டில், அந்த ஊர்க்காரர்கள் பிளேஆஃபுக்குள் நுழைந்த அதே இரவில் வந்தது. மானம் ஆட்டக்காரர்களிடம் இருந்தது. ரசிகர்களிடம் இருந்தது. மேல்மாடத்தில்தான் இல்லை.

கேட்க வேண்டியவை

2025இல் 60 வெற்றி, 102 தோல்வி. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக நூறுக்கு மேல். இதை முன்னேற்றம் என்று விற்கிறார்கள். 41ஐவிட 60 பெரிது, எண்கணிதம் எனக்கும் தெரியும். போப் பதினான்காம் லியோ இந்த அணியின் ரசிகர், 2005 வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர் என்று தெரிந்ததும், அந்த இருக்கைப் பகுதியில் அவர் படத்தை வரைந்து வைத்தார்கள். அந்த ஆண்டு அணி கொண்டுவந்த மிகப் பெரிய செய்தி வாடிகனிலிருந்து வந்தது.

ஆனாலும் நம்பிக்கைக்கு நிஜமான காரணங்கள் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். மான்ட்கமரி 2025இல் ஜூலையில்தான் மேலே வந்தார், வந்து 21 ஹோம் ரன் அடித்தார். குரோஷேவுக்குப் பதிலாக வந்த கைல் டீல் நல்ல கேட்ச்சர். சேஸ் மெய்ட்ராத் பந்தை விடாமல் தொடுகிறார். பார்க்க ஆசையாக இருக்கிறது. இதே ஆசை 2019இலும் இருந்தது என்பதால்தான் இப்போதே பேச வேண்டியிருக்கிறது.

ரீபில்ட் என்ற சொல்லை இனி யார் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஒன்று: முடிவு எந்தத் தேதி? தேதி இல்லாத திட்டத்துக்குத் திட்டம் என்று பெயர் கிடையாது. இரண்டு: மிச்சம் பிடித்த பணம் எங்கே, எப்போது அணிக்குள் திரும்பும்? இந்தப் பையன்கள் நன்றாக ஆடினால் கான்சஸ் சிட்டி செய்ததைச் செய்வீர்களா, இல்லை பாஸ்டனுக்கு அடுத்த பார்சலா? மூன்று: பொறுமை இருதரப்புக்கும் பொதுவா? அணி தோற்கிற காலத்தில் டிக்கெட் விலை இறங்க வேண்டும், பொதுப்பணத்துக்குக் கை நீட்டக் கூடாது.

இதற்குப் பதில் வராதவரை மைதானத்துக்குப் போகாமல் இருப்பது துரோகம் இல்லை. 'உண்மையான ரசிகன் கஷ்டகாலத்தில் கூட நிற்பான்' என்று ஒரு வசனம் சுற்றுகிறது. கஷ்டகாலம் என்றால் நிற்கலாம். இது கஷ்டகாலம் இல்லை, சிக்கனகாலம். அணி மீதான அன்பு அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, தெருவிலிருந்து தெருவுக்கு வந்த சொத்து. அதை ஈடு வைத்துக் கடன் வாங்கும் உரிமை உரிமையாளருக்குக் கிடையாது.

எட்டு ஆட்டக்காரர்களின் பெயரை நூறாண்டுக்கு மேல் கரும்பலகையில் எழுதிவைத்திருந்தது இந்த விளையாட்டு. அவர்கள் கெடுத்தது ஒரே ஒரு வேர்ல்ட் சீரிஸை. ஒரு பிள்ளையின் ஒன்பது கோடைகளைக் கெடுத்தவர்களுக்கு எந்தப் பலகை?